1.30 வைத்தால் 1.22 காட்டுவது ஏன்?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) பிராசஸரின் வோல்டேஜை 1.30 என்று வைத்தேன். சும்மா இருக்கும்போது சரியாகத்தான் காட்டுகிறது. வீடியோ ரெண்டரிங் ஓடவிட்டால் 1.22க்கு இறங்கிவிடுகிறது. மதர்போர்டில் கோளாறா? லோடு-லைன் கேலிபிரேஷனை உச்சத்தில் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். வைக்கலாமா?"

மதர்போர்டு நன்றாகவே இருக்கிறது. லோடு-லைன் கேலிபிரேஷன் என்பது இந்த வோல்டேஜ் சரிவைக் குறைக்கும் பயாஸ் அமைப்பு; அதை உச்சத்தில் வைக்க வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஓவர்கிளாக்கிங் (பிராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

முதலில் அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். பிராசஸரின் வேகம் என்பது ஒரு பெருக்கல். அடிப்படைக் கடிகாரம் பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி 45 என்றால் 4.5 கிகாஹெர்ட்ஸ், 50 என்றால் 5. ஒரு காலத்தில் அடிப்படைக் கடிகாரத்தையே ஏற்றினார்கள். 1998ல் வந்த இன்டெலின் செலரான் 300ஏ பிராசஸர் சில்லின் பெருக்கி 4.5ல் பூட்டப்பட்டிருந்தது. ஆனால் பஸ் வேகத்தை, அதாவது அந்த அடிப்படைக் கடிகாரத்தை, 66லிருந்து 100க்கு மாற்றினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450ல் ஓடியது. 2011ல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்கள் வந்தபோது அந்தக் கடிகாரத்தோடு பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றை இணைக்கும் வழி) போன்ற மற்ற பாகங்களும் சேர்த்துக் கட்டப்பட்டன. அதைச் சில சதவீதம் ஏற்றினாலே மற்றவை தடுமாறின. அதிலிருந்து கைவைப்பது பெருக்கியில்தான், அதுவும் பூட்டு இல்லாத மாடல்களில்.

பெருக்கியை ஏற்றிக்கொண்டே போனால் ஏன் ஓரிடத்தில் கம்ப்யூட்டர் உறைந்துபோகிறது? 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே இருப்பது 0.2 நானோ செகண்ட். வெளிச்சம்கூட அந்த நேரத்தில் 6 சென்டிமீட்டர்தான் போகும். அதற்குள் ஒரு சிக்னல் பல டிரான்சிஸ்டர்களை வரிசையாகத் தாண்டி, விடையாக மறுமுனைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் அடுத்ததன் வாயிலை (கேட்) மின்னூட்டத்தால் நிரப்பினால்தான் அது அசையும். வோல்டேஜைக் கூட்டினால் நிரப்பும் மின்னோட்டம் கூடும், வாயில் சீக்கிரம் நிரம்பும், விடை நேரத்துக்கு வந்துவிடும். இதற்குக் கொடுக்கும் விலை சூடு. மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். 4.0லிருந்து 4.8 கிகாஹெர்ட்ஸுக்குப் போக 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கினீர்கள் என்று வையுங்கள். வேகம் 20 சதவீதம் கூடுகிறது, மின்திறன் 52 சதவீதம்.

சரி, இப்போது வாசகரின் 1.22க்கு வருவோம்.

பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வருவது 12 வோல்ட். அதை ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்கித் தருவது பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் ரெகுலேட்டர் சுற்று. பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும்: சாக்கெட்டின் ஓரமாக வரிசைகட்டி நிற்கும் சாம்பல் நிறச் சிறு கட்டிகள், பக்கத்தில் உருளை உருளையாகக் கெபாசிட்டர்கள், ஹீட்சிங்குக்கு அடியில் மறைந்திருக்கும் ஸ்விட்ச் டிரான்சிஸ்டர்கள். அந்தச் சாம்பல் கட்டிகள்தான் காயில்கள். ஸ்விட்சுகள் விநாடிக்குச் சில லட்சம் முறை 12 வோல்ட்டைத் திறந்து மூடுகின்றன. காயிலும் கெபாசிட்டரும் அந்தத் துண்டுதுண்டான மின்சாரத்தைச் சீராக்கித் தருகின்றன.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பிராசஸர் நானோ செகண்டுகளில் தூக்கம் கலைந்து 5 ஆம்பியரிலிருந்து 80 ஆம்பியருக்குத் தாவும். ரெகுலேட்டரால் மைக்ரோ செகண்டுகளில்தான் பதில் சொல்ல முடியும். இடைப்பட்ட நேரத்தைக் கெபாசிட்டர்கள்தான் சேர்த்து வைத்த மின்னூட்டத்தைக் கொடுத்துச் சமாளிக்கின்றன, அதனால் வோல்டேஜ் ஒரு கணம் சரிகிறது. வேலை சட்டென்று நின்றால் இதற்கு நேர்மாறாக நடக்கும். காயிலில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் உடனே நிற்காது. வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயைப் பட்டென்று மூடினால் உள்ளே 'டக்' என்று ஓர் அதிர்வு கேட்கும் இல்லையா, அதேதான் இது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத மின்னோட்டம் கெபாசிட்டர்களுக்குள் பாய்ந்து வோல்டேஜை மேலே துள்ளவைக்கும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. சரிவும் துள்ளலும் 0.08 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ரெகுலேட்டர் எப்போதும் 1.30லேயே நிற்கப் பிடிவாதம் பிடித்தால், வேலை தொடங்கும் கணத்தில் 1.22க்குச் சரிந்து மீண்டும் 1.30க்கு ஏறும். வேலை நிற்கும் கணத்தில் 1.38க்குத் துள்ளும். மொத்த ஆட்டம் 0.16 வோல்ட்.

அப்படி ஏறி வராமல், சரிந்த இடத்திலேயே நின்றுவிட்டால்? வேலை தொடங்கும்போது 1.22க்கு வந்து அங்கேயே நிற்கும். வேலை நின்றதும் அதே 0.08 துள்ளல் வரும், ஆனால் 1.22லிருந்து துள்ளுவதால் 1.30ஐத் தொட்டு நின்றுவிடும். மொத்த ஆட்டம் பாதியாகிறது. கீழ்மட்டம் இரண்டிலும் அதே 1.22தான், மேல்மட்டம் மட்டும் 1.38லிருந்து 1.30க்கு வந்துவிட்டது. துள்ளுவதற்கு முன்கூட்டியே இடம் விட்டு வைப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். முதன்முதலாக இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இதைத்தான் லோடு-லைன் என்கிறார்கள். கம்பியின் தடையால் தானாக நேரும் இழப்பு மட்டும் அல்ல இது. ரெகுலேட்டரின் கட்டுப்பாட்டுச் சில்லு மின்னோட்டத்தை அளந்து, ஓம் விதிப்படி வேண்டுமென்றே இறக்கித் தருகிறது. 1 மில்லி ஓம் லோடு-லைனில் 80 ஆம்பியர் ஓடினால் 0.08 வோல்ட் இறங்கும். வாசகர் பார்த்த 1.22 இதே கணக்கில் வந்ததுதான். கூடவே இன்னொரு லாபம்: முழு வேலையில், அதாவது சூடு உச்சத்தில் இருக்கும் நேரத்தில், 1.30க்குப் பதில் 1.22ல் ஓடுகிறது. வர்க்கக் கணக்கில் பார்த்தால் 1.30ல் ஓடியிருந்தால் 13 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சூடு.

லோடு-லைன் கேலிபிரேஷன் என்ற அமைப்பு இந்தச் சரிவைக் குறைக்கிறது. உச்சத்தில் வைத்தால் சரிவே இருக்காது, திரையில் 1.30 அசையாமல் நிற்கும், மனசுக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியைத்தான் நான் நம்ப வேண்டாம் என்கிறேன். நண்பர் ஒருவரின் மேசையில், திறந்த சட்டத்தில் நிமிர்த்தி வைத்த மதர்போர்டின் பின்புறம், சாக்கெட்டுக்கு நேர் பின்னால் ஆசிலோஸ்கோப்பின் (வோல்டேஜ் ஏறி இறங்குவதைக் கோடாகக் காட்டும் கருவி) முனையை வைத்துப் பார்த்தோம். இடையிடையே நின்று நின்று வேலை செய்யும் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. நடுத்தர அமைப்பில் கோடு படிக்கட்டு மாதிரி இறங்கி ஏறியது, மூலைகள் மட்டும் லேசாக மழுங்கியிருந்தன. உச்சத்துக்கு மாற்றியதும் படிக்கட்டு மறைந்து கோடு நேரானது. ஆனால் வேலை தொடங்கும் ஒவ்வொரு முறையும் கீழே ஒரு முள், நிற்கும் ஒவ்வொரு முறையும் மேலே ஒரு முள். பக்கத்துத் திரையில் கண்காணிப்பு மென்பொருள் அத்தனை நேரமும் 1.30 என்றே காட்டிக்கொண்டிருந்தது. அது விநாடிக்கு ஒன்றிரண்டு முறை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். மைக்ரோ செகண்டில் வந்து போகிற முள் அதன் கண்ணில் படாது.

இந்த இடத்தில் மதர்போர்டு தயாரிப்பாளர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்த அமைப்பை 'நிலை 1', 'நிலை 8', 'டர்போ', 'எக்ஸ்ட்ரீம்' என்றெல்லாம் அழைக்கிறார்கள். ஒரு பிராண்டில் சின்ன எண் பலமானது, இன்னொன்றில் பெரிய எண். எத்தனை மில்லி ஓம் என்று நேராக எழுதிவிட்டால் யாரும் ஊகிக்க வேண்டியிருக்காது. ஊகிக்க விட்டால் அடுத்தவர் எண்ணை அப்படியே எடுத்து வைக்கும் பழக்கம்தான் வளரும். ஒரே மாடல் சில்லுகள் இரண்டுக்குக்கூட ஒரே வேகத்தில் வெவ்வேறு வோல்டேஜ் தேவைப்படும். அடுத்தவரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க முடியுமா?

அதிக வோல்டேஜ் என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, ஓவர்கிளாக் செய்யாதவைகூட, நாளடைவில் நிலைதடுமாறின. அதிக வோல்டேஜிலும் சூட்டிலும் உள்ளே கடிகாரத் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்று தேய்ந்துபோவதே காரணம் என்று 2024ல் இன்டெல் அறிவித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு (பிராசஸரின் உள் மென்பொருள்) திருத்தம், பிராசஸர் கேட்கும் வோல்டேஜுக்கு 1.55 என்று வரம்பு போட்டது.

அப்புறம், வாசகர் செய்ய வேண்டியது. கேலிபிரேஷனை நடுவில் வையுங்கள். சீராக ஓடும் சோதனையோடு நிறுத்தாமல், விட்டுவிட்டு ஓடும் வேலையையும் கொடுத்துப் பாருங்கள். பல கம்ப்யூட்டர்கள் விழுவது வேலை தொடங்கும் கணத்திலும் நிற்கும் கணத்திலும்தான். பிழை வந்தால் 1.30ஐ 1.31 ஆக்குங்கள், அல்லது பெருக்கியில் ஒன்றைக் குறையுங்கள். திரையே வராமல் போனால் பதற வேண்டாம், மதர்போர்டில் பெரும்பாலும் சீமாஸ் (பயாஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் நினைவகம்) அழிக்கும் ஜம்பர் இருக்கும், அதைப் பயன்படுத்தினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ரெண்டரிங் பிழையில்லாமல் முடிகிறது என்றால், அந்த வேகத்தில் உங்கள் சில்லுக்கு 1.22 போதுமானது. அதற்கு மேல் பயாஸில் எதையும் தொட வேண்டியதில்லை.