கேட்கத் தயங்கும் கேள்வி

என் சித்தப்பா திண்டுக்கல்லில் தையல்கடை வைத்திருக்கிறார். முப்பது வருஷக் கடை. தீபாவளி நெருங்கினால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மிஷின் ஓடும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். சில வருஷங்களுக்கு முன் தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது போயிருந்தேன். மிஷின்மேல் துணி போட்டு மூடியிருந்தது. வெட்டி வைத்த பிளவுஸ் துணிகள், அளவுச் சீட்டு குத்தியபடியே மூலையில் குவிந்து கிடந்தன. “பாபின் மாத்தக்கூடக் கை வரலடா” என்றார்.

ஆறு மாதமாக வயிற்றெரிச்சல் என்று டாக்டர் மாற்றி டாக்டராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாமே நார்மல். சாப்பாடு இறங்கவில்லை. விடியற்காலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. காலையில் எழுந்து உட்காரவே பாரமாக இருக்கும், சாயங்காலம் கொஞ்சம் தேவலை என்பார். சுகர் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பது சித்தியின் முடிவு. மனசு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வயிறு, தூக்கம், காலை நேரத்துப் பாரம், பிடித்த வேலையில் கை வராமை: இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வருவது மனநல மருத்துவர்களுக்கு மிகவும் பழகிய கதை. நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் பேசும். ‘டிப்ரெஷன்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. “உடம்பெல்லாம் அசதி”, “தலை பாரமா இருக்கு”, “நெஞ்சு படபடங்குது”, “எதுவும் பிடிக்கல” என்றுதான் வருவார்கள். போதாக்குறைக்கு, வேலை நெருக்கடிக்கும் இந்த நோய்க்கும் சேர்த்து ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லைப் புழங்குகிறோம். அதனால் நோயைச் சொன்னால்கூட, “யாருக்குத்தான் டென்ஷன் இல்ல?” என்ற பதில்தான் கிடைக்கிறது.

மருத்துவர்கள் பார்ப்பது இதை: மனம் தளர்ந்தே கிடப்பது, அல்லது எதிலும் நாட்டமே இல்லாமல் போவது. இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, உடல் சுறுசுறுப்பு, கவனம் ஆகியவற்றில் மாற்றம், தீராத களைப்பு, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம். மொத்தம் ஒன்பது அறிகுறிகளில் ஐந்தாவது, நாளில் பெரும்பகுதியும், கிட்டத்தட்ட தினமும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அது மனச்சோர்வு நோய். உலகமெங்கும் மருத்துவமனைகளில் கேட்கப்படும் பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாள் இந்த ஒன்பதையும்தான் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றியது. அதற்கு மட்டும் ‘ஆம்’ என்று பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மூன்றரை மணி விழிப்புக்கும் காரணம் உண்டு. கார்டிசால் என்ற ஹார்மோன் நடுராத்திரியில் குறைந்து, விடியும் நேரத்தில் ஏறி, உடம்பை எழுப்பிவிடும். நெருக்கடி ஓய்ந்ததும் ‘போதும், நிறுத்து’ என்று மூளை சொல்ல, அது அடங்கிவிடுவது வழக்கம். கடுமையான மனச்சோர்வில் பலருக்கு இந்த நிறுத்தும் ஏற்பாடு சரியாக வேலை செய்வதில்லை. கனவுத் தூக்கமும் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிடுகிறது. உடல் கடிகாரமே இடம் பெயர்ந்த மாதிரி. மூளையில் செய்தி கடத்தும் ரசாயனமான செரட்டோனின் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று முன்பு எளிதாகச் சொல்லிவந்தார்கள். விஷயம் அவ்வளவு எளிதில்லை. மரபு, இளவயதுக் காயங்கள், நீண்ட நோய், கடன், தனிமை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட இதே முகத்தோடு வரும். அதனால் மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.

மனச்சோர்வு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரை மாய்த்துக்கொள்வதில்லை. பிறகு ஆபத்து எங்கே தொடங்குகிறது? அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985-ல் ஒரு பதில் சொன்னார். சோகத்தின் அளவைவிட, ‘இனி எதுவும் மாறாது’ என்ற நம்பிக்கையின்மைதான் ஆபத்தைக் கூடுதலாகக் காட்டிக்கொடுத்தது. தற்கொலைத் தடுப்பை ஒரு அறிவியல் துறையாகவே வளர்த்தெடுத்த எட்வின் ஷ்னைட்மேன் கவனித்தது இன்னொன்று. அந்த நிலையில் மனசு குறுகிவிடுகிறது. பத்து வழி இருந்தாலும் கண்ணுக்கு இரண்டுதான் தெரியும்: இந்த வலியோடு கிடப்பது, அல்லது இல்லாமலே போவது. பெரும்பாலோர் தேடுவது வலிக்கு ஒரு முடிவைத்தான் என்றும், சாக வேண்டும் என்ற எண்ணமும் யாராவது காப்பாற்ற மாட்டார்களா என்ற ஏக்கமும் ஒரே நேரத்தில் ஒரே மனசுக்குள் இருக்கும் என்றும் அவர் சொன்னார். உதவி நுழைய இடம் இருப்பது அந்த ஏக்கத்தில்தான்.

இந்தக் குறுகல் எப்படி நடக்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் புரிந்த விளக்கம் நினைவாற்றல் ஆய்விலிருந்து வந்தது. 1986-ல் மார்க் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரும் சக ஆய்வாளரும், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அது நினைவூட்டும் ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள். அவர்களுக்கு அது கடினமாக இருந்தது. ஒரு நாள், ஒரு இடம் என்று சொல்லாமல் பொத்தாம்பொதுவாகவே பதில் வந்தது. மனச்சோர்விலும் இதே நிலை இருப்பதைப் பின்னால் வந்த பல ஆய்வுகள் காட்டின. சித்தப்பாவிடம் அவர் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுத்துப் பார்த்தேன். மழையில் பந்தல் சரிந்தது, சமையல்காரர் சாம்பார் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது என்று ஒரு மணி நேரம் நடித்துக் காட்டுகிற மனுஷர், “நல்லா நடந்துச்சு” என்றதோடு நிறுத்திவிட்டார். நாளைக்கு என்ன செய்யலாம் என்று கற்பனை செய்வதற்கும் மூளை இந்தப் பழைய சம்பவங்களைத்தான் எடுத்துத் தைக்கிறது. துணியே கைக்குக் கிடைக்காதபோது எதை வைத்துத் தைப்பது? ‘கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, எல்லாம் சரியாயிடும்’ என்ற ஆறுதல் அவர்களுக்குள் இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்று: “நான் இல்லேன்னா உங்களுக்கு ஒரு செலவு மிச்சம்.” இந்த வாக்கியத்தை நம் வீடுகளில் பெரியவர்கள் சலிப்பில் சொல்வதுண்டு, நாமும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் தாமஸ் ஜாய்னர் என்ற ஆய்வாளர் தற்கொலை எண்ணத்தின் இரண்டு வேர்களாகச் சொல்வதில் ஒன்று, ‘மற்றவர்களுக்கு நான் பாரம்’ என்ற நினைப்பு. மற்றது, ‘எனக்கென்று யாரும் இல்லை’ என்பது. இப்படிப் பேசுவது, ஆசையாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவது, திடீரென்று கணக்கு வழக்குகளை முடிப்பது, விடைபெறுவது போலப் பேசுவது, குடி அதிகமாவது, நெருங்கியவர்களிடமிருந்து ஒதுங்குவது எல்லாம் எச்சரிக்கைகள். இளம்பிள்ளைகளிடம் சோகத்தைவிட எரிச்சலும் கோபமும் முந்திக்கொண்டு தெரியலாம். நெடுநாள் கலங்கியிருந்தவர் காரணமில்லாமல் சட்டென்று அமைதியானால், சரியாகிவிட்டார் என்று நிம்மதியடையாமல் அருகில் போய்ப் பேச வேண்டும். முன்பு ஒருமுறை முயன்றவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

சித்தப்பா தன் அளவு நோட்டைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டிருந்தார். எந்த அம்மாவுக்குத் தோள் எத்தனை இஞ்ச் என்று முப்பது வருஷமாக எழுதிவந்த நோட்டு. அதைக் கேள்விப்பட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த அறிகுறிகளைக் கூட்டிக் கழித்து, யார் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று கணித்துவிட முடியாது. ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைத் திரட்டி 2017-ல் வெளியான தொகுப்பாய்வு, அந்தக் கணிப்புகள் காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சமே மேல் என்று காட்டியது. ஆகவே ஊகித்துக்கொண்டு உட்காருவதில் பயனில்லை. கேட்டுவிட வேண்டும், அதுவும் நேராக.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும், எனக்கும் இருந்தது. இந்தக் கேள்வியையே ஆராய்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடியதாக அவற்றில் எதிலும் தெரியவில்லை, குறையவும் கூடும் என்றே தெரிந்தது. தனியாகப் புழுங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, இதை வாய்விட்டுச் சொல்லலாம் என்ற அனுமதியே பாதிச் சுமையை இறக்குகிறது.

கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்துதான் கேட்டேன். “சித்தப்பா, செத்துப்போயிடலாம்னு தோணுதா?”

ரொம்ப நேரம் கிணற்றடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “விடியக்காலைல தினமும் தோணுதுடா” என்றார். அப்புறம் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால், ஏற்கெனவே பாரம் என்று நினைக்கிறவர் தலையில் இன்னொரு குற்ற உணர்வை ஏற்றியிருப்பேன். “இவ்வளவு நாளாத் தனியாவா இதச் சுமந்தீங்க?” என்று மட்டும் கேட்டேன். யாரிடமும் சொல்லாதே என்றார். அந்த ஒரு வாக்கு மட்டும் தர முடியாது என்று சொல்லிவிட்டு, சித்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்றிரவு அவரைத் தனியாக விடவில்லை. மறுநாள் காலை மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓ.பி. சீட்டு வாங்கினோம்.

அந்த ஒரு ராத்திரி முக்கியம். தற்கொலை உந்துதல் அலை போல ஏறி இறங்குவது, உச்சம் பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்பதில்லை. அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் என்ன ஆனார்கள் என்று ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் தேடிப் பார்த்தார். 1978-ல் அவர் வெளியிட்ட முடிவு: பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். ‘இன்று தடுத்தால் நாளை வேறு வழி தேடுவார்’ என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியாது. இலங்கையில் 1995-ல் லட்சத்துக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்துவர, 2005-க்குள் அது ஏறத்தாழ பாதியானது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில், வங்கி லாக்கர் மாதிரி பெட்டிகளில் பூட்டி வைக்கும் முயற்சியை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்தார்கள். அந்த அலை ஏறும் நேரத்தில் ஆபத்தானது கைக்கெட்டாமல் இருந்தாலே உயிர் மிஞ்சும். வீட்டிலும் அப்படித்தான். அப்படிப்பட்ட பொருள்களை அப்புறப்படுத்துங்கள், மாத்திரைகளை இன்னொருவர் பொறுப்பில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கொடுங்கள்.

சிகிச்சைக்கு வருவோம். மனச்சோர்வு மருந்து தலைவலி மாத்திரை போல உடனே கேட்காது, பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். முதல் வாரங்களில், அதிலும் இளம் வயதினரிடம், அருகில் இருந்து கவனிக்க வேண்டும். மனசு தெளியும் முன்பே உடம்புக்குத் தெம்பு வந்துவிடுவதுண்டு. ‘பழக்கமாகிவிடும்’ என்ற பயம் தூக்க மாத்திரையோடு இதைக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. ஆனால் நன்றாகிவிட்டது என்று நாமே சட்டென்று நிறுத்தக் கூடாது. பேச்சுவழிச் சிகிச்சையும் பலன் தரும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. சில மருத்துவர்கள் ஒரு தாளில் பாதுகாப்புத் திட்டம் எழுதவைப்பார்கள்: எண்ணம் தலைதூக்கும்போது என்ன தெரியும், மனசை எப்படித் திருப்புவது, யாரைக் கூப்பிடுவது, வீட்டில் எதை அகற்றி வைப்பது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,640 பேரை வைத்து அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஆய்வில், இந்தத் தாளும் தொடர்ந்து வந்த தொலைபேசி விசாரிப்பும் கிடைத்தவர்களிடம் அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை 45 சதவீதம் குறைவாக இருந்தது.

என்னை மிகவும் பாதித்த ஆய்வில் சென்னையும் கொழும்பும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் நடத்தியது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடல், பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை நேரிலோ போனிலோ ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற விசாரிப்பு. 18 மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2 சதவீதம். 2008-ல் முடிவு வெளியானது. ஒன்பது விசாரிப்பு!

2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருதி, தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு வழி செய்திருக்கிறது. மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. இலங்கையில் கூப்பிட வேண்டிய எண் 1926. உடனடி ஆபத்து என்றால் இந்தியாவில் 108, அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு. இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் இந்த எண்களில் ஒன்றைக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் ‘எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும்.

சித்தப்பாவுக்கு ஐந்தாவது வாரம் பசி திரும்பியது. கடையைத் திறக்க மூன்று மாதம் ஆனது. நடுவில் ஒருமுறை மருந்தை நிறுத்திவிட்டு மறுபடி சரிந்தார், மறுபடி ஓ.பி.க்குப் போனோம். இப்போதும் ஞாயிறு காலை போன் செய்வேன். முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்பேன். போன வாரம் மிஷின் சத்தத்துக்கு நடுவே, “அஞ்சரைக்குத்தான்டா முழிச்சேன், வச்சிர்றேன், ஒரு அம்மா காத்திருக்கு” என்றார்.