‘ஸ்டாக் இல்ல’ என்ற பதில் எங்கே தயாராகிறது?

புது போன் ஒன்று வெளியான வாரம். வேலூர் ஆபீசர்ஸ் லைனில் ஒரு மொபைல் கடை. கல்லூரிப் பையன் ஒருவன் வண்டியிலிருந்து இறங்காமலேயே கேட்கிறான்.

“பாய், புது மாடல் வந்துச்சா?”

“ரெண்டு பீஸ்தான் வந்துச்சு தம்பி, காலைலயே போயிடுச்சு. ஐநூறு ரூபா கட்டிட்டுப் போ, அடுத்த லாட்ல எடுத்து வெக்கிறேன். வேற எங்கயாவது சொல்லி வெச்சிகிறியா?”

“இல்ல பாய்.”

அந்த ‘இல்ல பாய்’ பெரும்பாலும் பொய். காட்பாடியில் ஒரு கடை, சத்துவாச்சாரியில் ஒரு கடை, ஆன்லைனில் ஒரு முன்பதிவு, ஆம்பூரில் இருக்கும் மாமா பையன் மூலம் இன்னொன்று என்று ஏற்கெனவே நாலு இடத்தில் சொல்லி வைத்திருப்பான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொருள் கிடைக்காது என்று தெரிந்தால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் இந்தச் சின்னப் பொய் கடையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு, அங்கிருந்து கம்பெனிக்கு, அங்கிருந்து சிப் செய்யும் ஆலைக்கு என்று மேலே போகப் போகப் பருத்துக்கொண்டே போகிறது. ஒரு போன் ஏன் கிடைக்காமல் போகிறது, அப்புறம் ஏன் திடீரென்று கடை கடையாகத் தேங்குகிறது என்பதில் பாதிக் கதை இதுதான்.

மீதிப் பாதி, நேரம் பற்றியது. வெளியீட்டு நாளில் எத்தனை போன் இருக்க வேண்டும் என்பதை வெளியீட்டு நாளில் முடிவு செய்ய முடியாது. போனின் மூளையான சிப், ஒரு சிலிக்கான் வில்லையில் நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டி உருவாகச் சுமாராக மூன்று மாதம் ஆகும். அதன்பிறகு சோதனை, பொதியிடல், கப்பல் அல்லது விமானம், கடைசியாகப் பாகங்களைச் சேர்த்துப் போனாகப் பூட்டும் வேலை. செப்டம்பரில் கடைக்கு வரும் போனுக்கான சிப்பை வசந்த காலத்திலேயே கேட்டிருக்க வேண்டும். சொர்ணவாரிப் பட்டத்தில் நெல் போட்ட ஆற்காட்டு விவசாயிக்கு இது புதிதல்ல. அறுவடை சமயத்தில் விலை ஏறிக் கிடக்கிறது என்பதற்காக அந்த அறுவடையிலேயே இன்னும் நாலு மூட்டை கூட எடுத்துவிட முடியாது. விதைத்த அன்றைக்கு என்ன நினைத்தோமோ அதுதான் களத்துக்கு வரும்.

அப்படியானால் நிறையவே செய்து வைத்துவிடலாமே? செய்தவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் தன் சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டை நம்பிக்கையோடு செய்து குவித்தது. விற்கவில்லை. 2013 ஜூலையில் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. குறைவாகச் செய்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அதிகமாகச் செய்தால் பணம் போகும். இந்த இரண்டு வலிக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பொருளியலில் அதற்குச் செய்தித்தாள் விற்பவர் சிக்கல் என்று பெயர். 1888-இல் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் என்ற, அயர்லாந்தில் பிறந்த பொருளியலாளர், ஒரு வங்கி கையில் எவ்வளவு ரொக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்தபோது இதன் வேர் கிடைத்தது.

நம் பாய் கடையிலேயே போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஒரு போன் விற்றால் கையில் நிற்பது 2,000 ரூபாய். விற்காமல் தங்கி, இரண்டு மாதத்தில் விலை இறங்கி, தள்ளுபடியில் தள்ளினால் நஷ்டம் 3,000. முதல் வாரத்தில் பத்துப் பேர் வரலாம், முப்பது பேர் வரலாம், இடையில் எந்த எண்ணும் சம வாய்ப்போடு வரலாம். எத்தனை பீஸ் எடுப்பது? நடுவில் இருக்கும் 20 என்று மனசு சொல்லும். கணக்கு 18 என்கிறது.

ஏன் என்றால், 18-ஆவது பீஸை எடுத்துப் பாருங்கள். அது விற்க வாய்ப்பு சுமாராக 60 சதவீதம், அதனால் எதிர்பார்க்கும் லாபம் 1,200 ரூபாய். தங்கிவிட வாய்ப்பு 40 சதவீதம், எதிர்பார்க்கும் நஷ்டமும் 1,200. தராசு சரியாக நிற்கிறது. 19-ஆவதில் லாபம் 1,100, நஷ்டம் 1,350 என்று தட்டு சாய்ந்துவிடுகிறது. எனவே விவரமான கடைக்காரர் 18-இல் நிறுத்திக்கொள்வார். அப்படி நிறுத்தும்போது, பத்தில் ஆறு தடவை அவர் கடையில் சரக்கு தீர்ந்துபோகும். திட்டமிட்டேதான் தீர்ந்துபோகிறது, ஆனால் அதில் சதி ஒன்றும் இல்லை.

அந்தப் பதினெட்டும் ஒரே சரக்கு இல்லை என்பது அடுத்த தலைவலி. நாலு நிறம், மூன்று நினைவக அளவு என்றால் பன்னிரண்டு வகை. வகைக்கு ஒன்றரை பீஸ்! கறுப்பு காலையிலேயே காலியாகும், ரோஸ் தீபாவளி வரை கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும். ஒட்டுமொத்தமாக எத்தனை போன் விற்கும் என்று ஊகிப்பது ஓரளவு சுலபம். வேலூரில் இந்த வாரம் 256 ஜிபி கறுப்பு எத்தனை பேர் கேட்பார்கள் என்று ஊகிப்பது ஏறக்குறைய ஜோசியம். ஆன்லைன் நிறுவனங்களுக்கு இங்கேதான் சாதகம். ஒரு பெரிய கிடங்கில் பல ஊர்களின் தேவையைச் சேர்த்து வைக்கும்போது, ஒரு ஊரில் கூடுவதும் இன்னொரு ஊரில் குறைவதும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும்.

கம்பெனியின் கணக்கு வேறு. ஒரு போனில் அதற்கு நிற்கும் லாபம் பெரும்பாலும் கடைக்காரருக்கு நிற்பதைவிட அதிகம். அதனால் கடையில் சரக்கு எப்போதும் இருக்க வேண்டும் என்று அது நினைக்கும். பாய் 18 என்பார், கம்பெனி ஆள் “இருபத்தஞ்சா எடுங்க பாய்” என்பார். இந்த இழுபறியைத் தீர்க்கத்தான், விலை குறைந்தால் கையிருப்பில் இருக்கும் பீஸுக்கு வித்தியாசத்தைக் கம்பெனியே ஈடுகட்டும் ஏற்பாடு மொபைல் வியாபாரத்தில் இருக்கிறது. கடைக்காரரின் நஷ்டம் 3,000-இலிருந்து 1,000 ஆகக் குறைந்தால், அதே கணக்கு அவரை 23-க்கு மேல் எடுக்கச் சொல்லும்.

ஆலைப் பக்கம் போகலாம். வேலூரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில், சென்னை நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர். அங்கே ஃபாக்ஸ்கான் நிறுவனம் ஆப்பிளுக்காக ஐபோன் பூட்டுகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் பகுதி அது. 2022-இல் ஐபோன் 14 வெளியான சில வாரங்களிலேயே இந்தியாவிலும் அதைப் பூட்டத் தொடங்கினார்கள். 2023-இல் ஐபோன் 15 விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே இங்கே செய்ததும் கடைக்கு வந்தது. பக்கத்திலேயே செய்தால் நமக்கு முதலில் கிடைக்குமே என்றால், அப்படி இல்லை. செய்ததில் பெரும்பகுதி ஏற்றுமதி. எந்த நாட்டுக்கு எத்தனை என்பது ஆலை இருக்கும் ஊரைப் பார்த்து முடிவாவதில்லை.

புது மாடல் பூட்டத் தொடங்கும்போது ஆலை முதல் நாளே முழு வேகத்தில் ஓடாது. ஒரு போன் இருபது கட்டங்களைத் தாண்டுகிறது என்றும், ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கு 98 தேறுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருபது கட்டமும் தாண்டித் தேறுவது நூற்றுக்கு 67-தான். 98-ஐ 99 ஆக்கினால் 82-க்குத் தாவும். புது மாடலின் முதல் மாதங்களில் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த ஒரு சதவீதத்துக்காகத்தான். ஒட்டும் பசை சூட்டில் நகர்கிறது, கேமரா ஒரு நூல் சாய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருத்த வேண்டும். கை பழகப் பழக வேகம் கூடும் என்பதை 1936-லேயே விமானத் தயாரிப்பை வைத்து டி.பி. ரைட் என்ற பொறியாளர் எண்ணிக்கையாகக் காட்டினார். இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. நூறு பாகங்களில் தொண்ணூற்றொன்பது மலையாகக் குவிந்திருந்தாலும், ஒரே ஒரு பாகம் தட்டுப்பாடு என்றால் அந்த ஒன்று எத்தனையோ அத்தனை போன்தான் வெளியே வரும்.

சோனியின் வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷன் 5 இதற்குப் பெரிய உதாரணம். 2020 நவம்பரில் வெளியானது, இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தது. உலகமே கையில் பணத்தோடு நின்றும், சிப் தட்டுப்பாட்டால் பொருள் இல்லை. இனிமேல் வேண்டியவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று சோனி சொன்னது 2023 ஜனவரியில். சிப் ஆலை ஒன்றைப் புதிதாகக் கட்டி ஓட்டச் சில வருடங்கள் ஆகும் என்கிறபோது, தேவையை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் பயன் இல்லை.

அப்புறம், அந்த ‘இல்ல பாய்’. ஒரு பையன் நாலு இடத்தில் சொல்லி வைத்தான். நாலு கடையும் அதைத் தனித்தனி ஆளாக எண்ணின. பாய் கையில் 40 பெயர். டிஸ்ட்ரிபியூட்டர் கேட்டதில் பாதிதான் தருவார் என்று பாய்க்குத் தெரியும், அதனால் 80 கேட்கிறார். டிஸ்ட்ரிபியூட்டரும் கம்பெனியைப் பற்றி அதையேதான் நினைக்கிறார். வேலூரில் உண்மையில் பத்துப் பதினைந்து பேர் கேட்ட போன், மேலே போய்ச் சேரும்போது நூற்றைத் தாண்டியிருக்கும். ஸ்டான்ஃபோர்டின் ஹாவ் லீயும், பத்மநாபன், வாங் ஆகியோரும் 1997-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். கீழே சின்னதாக அசைந்தால் மேலே பெரிதாகச் சுழலும் இந்த நிலைக்குச் சாட்டை விளைவு என்று பெயர். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதைக் குழந்தைகளுக்கான டயாப்பரில் கவனித்திருந்தது. குழந்தைகள் மாதாமாதம் ஒரே சீராகத்தான் டயாப்பர் நனைக்கிறார்கள், ஆனால் ஆலைக்கு வரும் ஆர்டர் மட்டும் ஏறி இறங்கித் தாண்டவமாடியது.

தட்டுப்பாடு நீங்கியதும் என்ன ஆகும்? பையனுக்கு எங்கோ ஒரு இடத்தில் போன் கிடைக்கும். மற்ற மூன்று ஆர்டரும் அந்த நிமிடமே செத்துப்போகும். இணைய வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் இதில் மாட்டியது. 2000-இல் உதிரிபாகத் தட்டுப்பாடு வந்தபோது வாடிக்கையாளர்கள் ஒன்றுக்கு இரண்டாக ஆர்டர் கொடுத்தார்கள். சிஸ்கோ அதை உண்மையான தேவை என்று நம்பிச் சரக்குச் சேர்த்தது. சந்தை சரிந்ததும் ஆர்டர்கள் காற்றில் கரைந்தன. 2001-இல் எழுதிய நஷ்டம் சுமார் 220 கோடி டாலர்.

கம்பெனிகள் வேண்டுமென்றே சரக்கைப் பதுக்கி, பரபரப்புக் கிளப்புகின்றன என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2014-இல் ஷாவ்மி நிறுவனம் ஃப்ளிப்கார்ட்டில் ரெட்மி 1எஸ் போன் 40,000-ஐ 4.2 நொடியில் விற்றதாக அறிவித்தபோது, அந்தச் செய்தியே இலவச விளம்பரம். பாகங்களின் விலை பொதுவாக இறங்கிக்கொண்டே போகும் தொழிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து விற்பது லாபமும்கூட. ஆனால் செய்து முடித்த போனைப் பதுக்கி வைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. அதன் விலை நாளுக்கு நாள் தேய்கிறது, காத்திருப்பவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். எனக்கு இதில் வேறொன்றுதான் முக்கியமாகப் படுகிறது. 4.2 நொடியில் 40,000 விற்றது என்றால் தேவை எத்தனை? 41,000-ஆ, பத்து லட்சமா? விற்பனைக் கணக்கு அதைச் சொல்லவே சொல்லாது. சரக்கு தீர்ந்த நொடியோடு கணக்கும் நின்றுவிடுகிறது.

கேட்பவர் அதிகம் என்றால் விலையை ஏற்றிவிடலாமே என்று பாடப்புத்தகம் சொல்லும். நம் ஊரில் பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கச் சட்டம் இடம் தராது. சட்டம் இல்லாத இடத்திலும் ஜனங்கள் மன்னிப்பதில்லை. 1986-இல் கானெமான், நெட்ஷ், தேலர் மூவரும் வெளியிட்ட ஆய்வில், பனிப்புயலுக்கு மறுநாள் கடைக்காரர் பனி அள்ளும் மண்வெட்டியை 15 டாலரிலிருந்து 20 டாலருக்கு ஏற்றினால் அது அநியாயம் என்று 82 சதவீதம் பேர் சொன்னார்கள். அதனால் விலை நேராக ஏறாமல் பக்கவாட்டில் ஏறும். “கவர், டெம்பர்டு கிளாஸ், இயர்போன் சேர்த்து எடுத்தா இன்னைக்கே தர்றேன்” என்று கடையில் சொன்னால், அந்த இயர்போனின் விலைக்குள்தான் தட்டுப்பாட்டின் விலை ஒளிந்திருக்கிறது.

முன்பதிவுப் பணம் பொய் ஆர்டரை வடிகட்டுமா என்றால், பணம் எவ்வளவு, அது திரும்புமா என்பதைப் பொறுத்தது. 2021 ஜூலையில் ஓலா தன் மின்சார ஸ்கூட்டருக்கு 499 ரூபாயில் முன்பதிவு திறந்தது, வேண்டாம் என்றால் பணம் வாபஸ். 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பதிவு என்று அறிவித்தார்கள். திருப்பத்தூரை அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டப் போச்சம்பள்ளியில் ஆலை எழும்பி, முதல் வண்டிகள் கைக்கு வந்தது டிசம்பரில். திரும்பக் கிடைக்கும் 499 ரூபாய் என்பது ‘வாங்கினாலும் வாங்குவேன்’ என்பதற்கான விலை மட்டுமே. ஆயிரக்கணக்கில், திரும்பாத பணம் என்றால் பட்டியல் சட்டென்று சுருங்கும். ஆனால் சுருங்கிய பட்டியலை விளம்பரத்தில் போட எந்த கம்பெனிக்கும் மனசு வராது.

அதனால் இப்போது கம்பெனிகள் கடைக்காரரின் வாயை நம்புவதைக் குறைத்துவிட்டன. போனில் சிம் போட்டு முதல் முறை இணையத்தில் சேரும்போது அது கம்பெனியின் சர்வருக்குத் தெரிந்துவிடும். வேலூரில் நேற்று எத்தனை போன் உண்மையில் உயிர் பெற்றது என்று அவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. பாய் 80 கேட்டாலும், போன மாடல் அவர் கடையில் எத்தனை உயிர் பெற்றது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த லாட்டில் பீஸ் ஒதுக்குவார்கள். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. போன தடவை சரக்கே வராமல் குறைவாக விற்ற கடைக்கு இந்தத் தடவையும் குறைவாகவே வரும். சின்ன ஊர்க் கடைகளுக்கு இந்தச் சிக்கல் அதிகம். குடியாத்தத்தில் கேட்டுக் கிடைக்காமல் வேலூருக்கு பஸ் ஏறியவர் வாங்கிய போன், கணக்கில் வேலூர் தேவையாகத்தான் ஏறும்.