பட்டை மறைந்தாலும் சிங்க் வராது

சுங்கை சிப்புட் பக்கம் பிற்பகலில் இடி இறங்கினால் கரண்டு போவது சகஜம். கூகுள் குரோமுக்கு அடிப்படையான திறந்த மூல பிரவுசர் குரோமியத்தை மூலநிரலிலிருந்து சொந்தமாகக் கம்பைல் செய்வதென்றால் காலையிலேயே தொடங்குங்கள். 100 ஜிபி காலி இடம் வேண்டும், 16 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் நல்லது. அப்படியும் மணிக்கணக்கில் ஓடும். பாதியில் நின்றால் பயமில்லை, கம்பைல் கருவி விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எல்லாம் முடிந்து திறந்தால், கூகுள் ஏபிஐ (கூகுள் சேவைகளை மற்ற மென்பொருள் அணுகும் வழி) சாவிகள் இல்லை என்று மேலே ஒரு பட்டை நிற்கும். சாவி போட்டால் பட்டை போகும்; ஆனால் புக்மார்க்கையும் கடவுச்சொற்களையும் கணினிகளுக்கிடையே ஒத்திசைக்கும் சிங்க் வராது.

செம்பனை ஆலையின் எடைமேடையில் முதலில் கேட்பது, எந்தத் தோட்டத்து லாரி என்ற சீட்டைத்தான். ஏபிஐ சாவி அந்தச் சீட்டு. கேட்கும் மென்பொருள் எது என்று அது சொல்லும். கிளையன்ட் ஐடி, கிளையன்ட் சீக்ரெட் இரண்டும் நீங்கள் கணக்கில் நுழையும்போது உங்கள் பெயரில் டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு, வாங்க. மூன்றுக்கும் உங்கள் கடவுச்சொல்லுக்கும் சம்பந்தமில்லை.

முதலில் குரோமியம்-டெவ் என்ற மின்னஞ்சல் குழுவில் சேருங்கள். சேராத கணக்குக்கு, சாவிகள் எடுக்கும் தளமான கூகுள் கிளவுட் கன்சோலில் குரோம் சிங்க் ஏபிஐ கண்ணிலேயே படாது. பிறகு புது ப்ராஜெக்ட் திறந்து, வேண்டிய ஏபிஐகளை இயக்கி, ஒரு ஏபிஐ சாவியும் 'டெஸ்க்டாப் ஆப்' வகையில் ஓஆத் கிளையன்ட்டும் (ஐடியும் சீக்ரெட்டும் இதில்தான் வரும்) எடுங்கள். மூன்றையும் கம்பைல் அமைப்புகள் இருக்கும் ஆர்க்ஸ்.ஜிஎன் கோப்பில் எழுதிக் கம்பைல் செய்யலாம். என்விரான்மென்ட் வேரியபிளாக, அதாவது பிரவுசர் திறக்கும்போது படிக்கும் மதிப்பாகக் கொடுத்தால் மறுபடி கம்பைல் செய்யும் வேலையே இல்லை.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். டெர்மினலில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு டெஸ்க்டாப் ஐகானைச் சொடுக்கினால், அந்த மதிப்பு பிரவுசருக்குப் போகாது. பின்னணியில் பழைய குரோமியம் ஓடிக்கொண்டிருந்தாலும் அதே கதை: புதிது தன் வேலையைப் பழையதிடம் ஒப்படைத்துவிட்டு மூடிக்கொள்ளும். முழுதாக நிறுத்திவிட்டு அதே டெர்மினலிலிருந்து திறங்கள். நகலெடுக்கும்போது கடைசியில் ஒட்டிவரும் ஒரு வெற்றிடமும் சாவியைக் கெடுக்கும். ஆர்க்ஸ்.ஜிஎன் கோப்பைப் பொது ரெப்போவில் ஏற்றிவிடாதீர்கள். உங்கள் சாவியை ஊரார் ஓட்டினாலும் தீர்வது உங்கள் கோட்டாதான்.

பட்டை போய்விட்டதா? சாவி இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. சாவிக்குப் பதிலாக 'நோ' என்று போட்டாலும் பட்டை போய்விடும்! 2021 மார்ச் 15 முதல் குரோம் சிங்க்கைத் தன் சொந்த குரோமுக்கு மட்டும் என்று கூகுள் ஒதுக்கிவிட்டது. டெபியன், ஃபெடோரா, ஆர்ச் ஆகிய லினக்ஸ் வகைகளின் குரோமியம் பொதிகளுக்கும் அதே அடி. சீட்டு சரியாக இருந்தும் ஆலை கேட்டைத் திறக்காத நிலை. சோதனைக் கணக்குகளுக்கென்று உள்ள குழுவில் சேர்ந்த கணக்குகளுக்கு மட்டும் மேம்பாட்டு வேலைக்காக வழி உண்டு.

அன்றாடப் பாவனைக்கு புக்மார்க்கை எச்டிஎம்எல்லாகவும் கடவுச்சொற்களை சிஎஸ்வியாகவும் ஏற்றுமதி செய்து மற்ற கணினியில் இறக்குங்கள். சிஎஸ்வியில் எல்லாம் வெட்டவெளிச்சமாக இருக்கும். இறக்கிய கையோடு அழித்துவிடுங்கள்.