ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன்

போன மாதம் ஒரு பெட்ரோல் கார் வந்தது. எஞ்சின் லைட் எரிகிறது, சிக்னலில் நின்றால் வண்டி உதறுகிறது. வேறொரு இடத்தில் ஸ்கேனர் போட்டிருக்கிறார்கள். 'பி0171' என்று கோளாறு கோட் வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டார்கள். நாலே நாளில் லைட் திரும்ப எரிந்தது. "அண்ணே, புது சென்சாரும் டூப்ளிகேட்டா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

அந்தக் கோட் நம்பருக்கு அர்த்தம், எஞ்சினில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது. எஞ்சின் விடும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று கூடிவிட்டால் எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் கூட்டித் தெளிக்கும். எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்பது ஸ்கேனரில் 'ஃப்யூவல் ட்ரிம்' என்று ஓடும். கோட் நம்பரைப் படித்ததுமே ஸ்கேனரைக் கழற்றிவிடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. எனக்கு ஆத்திரம் இதில்தான்.

இந்த வண்டியில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, +24. ஆக்சிலரேட்டர் கொடுத்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +5. ஐடிலில் எஞ்சின் இழுப்பதே கொஞ்சம் காற்று. வழியில் ஓட்டை இருந்தால் அதில் நுழையும் திருட்டுக் காற்று அதில் பெரிய பங்காகிவிடும். ஆர்பிஎம் ஏறினால் அந்தப் பங்கு சுருங்கிவிடும். காற்று வழிக்குள் புகையை விட்டு ஓட்டை தேடும் ஸ்மோக் டெஸ்ட் செய்தோம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டின் பின்புறம், கண்ணுக்கே படாத இடத்தில், வெடித்திருந்த பிசிவி ஹோஸிலிருந்து (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) புகை வந்தது. (உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டியில் இப்படியே பொருந்தாது.)

ஐடிலில் ஒழுங்காக இருந்து, மேடு ஏறும்போது ட்ரிம் எகிறினால் பெட்ரோல் பக்கம் போக வேண்டும்: அடைத்த ஃபில்டர், களைத்த பம்ப். கேஜ் மாட்டி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் பிரஷர் லோடிலும் நிற்கிறதா பாருங்கள். ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு படிந்தாலும் இப்படிக் காட்டும்; அதற்கென்று உள்ள ஸ்ப்ரே போதும், துணி வைத்துத் துடைக்காதீர்கள். அப்புறம், எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்கு: டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான்.

லைட்டை அணைக்க பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு வராதீர்கள். கோட் விழுந்த நொடியில் எஞ்சின் சூடு, வேகம், லோடு என்ன என்ற பதிவு அதோடு போய்விடலாம்.

ஹோஸை மாற்றியதும் ட்ரிம் +3க்கு வந்தது. கழற்றிய பழைய சென்சாரை வண்டிக்காரர் டிக்கியில் போட்டு வைத்திருந்தார். சும்மா மாட்டிப் பார்த்தேன். 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் அழகாக ஆடியது.