திருகோணமலைக் குசினியில் பல்பயன் சிங்க்: வாங்குமுன்னும் பூட்டிய பின்னும்

நீர்வீழ்ச்சிபோல் அகலமாகக் கொட்டும் குழாய், இழுத்து நீட்டும் ஷவர், கிளாஸைக் கவிழ்த்து அழுத்தினால் உள்ளே பீச்சிக் கழுவும் கருவி, நீரின் சூட்டைக் காட்டும் எண் திரை, சறுக்கி நகரும் வெட்டுப் பலகை, பாத்திரம் வடியவிடும் கூடை, சவர்க்காரப் பம்ப் என்று எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் அடக்கிய சிங்குகள் இப்போது உவர்மலையிலும் உப்புவெளியிலும் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் சாதாரணமாகிவிட்டன. வாங்குவோர் பார்ப்பதெல்லாம் மேலே தெரியும் வசதிகளைத்தான். திருத்தப் போகிற எங்களுக்குத் தெரிவது வேறு. பழுதாகிற இடம் அநேகமாகத் தொட்டிக்குக் கீழே இருக்கும். காரணம் உப்பு, கிணற்று நீரின் கடினத்தன்மை, தேங்காய்க் கொழுப்பு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலில் உலோகத்தைப் பார்ப்போம். எவர்சில்வர் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒரே ரகமல்ல. 304 என்ற ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 201 என்ற மலிவு ரகத்தில் நிக்கலைக் குறைத்து மங்கனீசைச் சேர்க்கிறார்கள். கடலிலிருந்து தள்ளியுள்ள உலர்ந்த பகுதிகளில் 201 சில காலம் தாக்குப்பிடிக்கும். கடற்காற்றும் மீன் கழுவிய உப்பு நீரும் படுகிற இடத்தில் குண்டூசி முனையளவு துளைத்துருக்கள் விரைவில் வரும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல எவர்சில்வர் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதேபோல 304 தொட்டியின் வளைந்த மூலைகளில் இலேசாக ஒட்டும், அது குறையல்ல. மங்கனீசைக் காட்டும் சோதனைத் துளி மருந்து ஒன்று உண்டு. தொட்டியின் அடிப்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்தால் 201 சிவக்கும். தகட்டின் தடிப்பு 1 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். விரலால் சுண்டினால் தகரப் பேணிச் சத்தம் வருகிற தொட்டியில் பலகையும் கூடையும் ஏறினால் விளிம்பு தொய்யும்.

கறுப்பு நிற ‘நானோ’ பூச்சைப் பற்றிக் கேட்பவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: கிணற்று நீர் பாவிக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கத்துக் கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் சவர், சுண்ணமும் கூட. ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளைப் பொட்டாக நிற்கும். அதை உரசி எடுக்கப் போனால் பூச்சு போய்விடும். சாதாரண எவர்சில்வரில் விழுந்த கீறலை ஓரளவு தேய்த்து மறைக்கலாம், பூச்சில் முடியாது.

நீரழுத்தத்தையும் வாங்குமுன்னே யோசிக்க வேண்டும். தாங்கி ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார். ஒற்றைத்தட்டு வீட்டின் பிளேட்டின் (கொங்கிரீட் கூரையின்) மேல் வைத்த தாங்கி, குழாய்க்கு மேலே 3 மீற்றர் இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். அதில் அகலக் குழாய் கிழிந்த நாடாபோல் வடியும், கிளாஸ் கழுவி முணுமுணுக்கும். எண் திரையும் எரியாது, ஏனென்றால் அநேக மாதிரிகளில் அதற்கு மின்கலம் கிடையாது. ஓடுகிற நீரில் சுழலும் சின்னச் சக்கரம்தான் மின்சாரம் தருகிறது. திரை பழுது என்று எங்களை அழைக்கும் வீடுகளில் அநேகமாக அழுத்தம் போதாமல் இருக்கும், அல்லது சக்கரத்தில் தாங்கி மண் அடைத்திருக்கும். தாங்கியிலிருந்து குசினிக்குத் தனியாக 25 மில்லிமீற்றர் குழாய் இறக்கி, சிங்கின் அடியில் மட்டும் 20 ஆகக் குறைத்தால் ஓட்டம் நன்றாகவே கூடும். அதுவும் போதாவிட்டால் தாங்கிக்குப் பின்னால் ஒரு சிறு அழுத்தப் பம்ப் பூட்டலாம். நீர் வழங்கல் சபையின் இணைப்புக் குழாயில் நேரடியாகப் பம்பைப் பூட்டி இழுப்பது கூடாத வேலை.

சுடுநீர் இல்லாத வீடுகளில் இன்னொரு சிக்கல். இந்தக் குழாய்களுக்கு இரண்டு ஹோஸ் வரும். சுடுநீர் ஹோஸை வெறுமனே தொங்கவிட்டால் கலவைக் குழாயினூடாகக் குளிர்நீர் திரும்பி வந்து அலுமாரிக்குள் வடியும். ஒன்றில் அதற்கு மூடி போடுங்கள், அல்லது ‘டீ’ (T வடிவ இணைப்பு) பூட்டி இரண்டையும் குளிர்நீரிலேயே இணையுங்கள்.

கழிவுக் குழாய்: சண்டை தொடங்கும் இடம்

பழைய சிங்கைக் கழற்றிவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மேசைத் தட்டு தரையிலிருந்து 85 சென்ரிமீற்றர். தொட்டியின் ஆழம் 22. தொட்டியின் கழிவு வாயிலுள்ள வடிகூடையின் அடிப்பாகம் 10. அதன் கீழே ட்ராப் (நீர் தேங்கி நின்று மணத்தை மறிக்கும் குழாய்ப் பகுதி) ஏறக்குறைய 13. மிஞ்சுவது 40. ஆகவே சுவரிலுள்ள கழிவு வாய் 40 சென்ரிமீற்றர் உயரத்திலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். ஆழம் குறைந்த பழைய சிங்குக்காக 50 சென்ரிமீற்றரில் வைத்த வாயோடு இணைத்தால் நீர் மேல்நோக்கி ஏறவேண்டி வரும். குழாயில் எப்போதும் பாதி தேங்கி நிற்கும். நாற்றத்துக்கும் அடைப்புக்கும் இதைவிடச் சுலபமான வழி இல்லை. சுவரைக் கொத்தி வாயை இறக்குவது ஒரு நாள் வேலை. ரைல்ஸ் ஒட்டிய பிறகு அதையே இரண்டு மடங்கு செலவில் செய்ய நேரும்.

பெட்டிக்குள் வரும் நெளிவு ஹோஸைத் தயவுசெய்து பாவிக்க வேண்டாம். அதன் ஒவ்வொரு மடிப்பிலும் சோற்றுக் கஞ்சியும் எண்ணெயும் படியும். வழவழப்பான 40 அல்லது 50 மில்லிமீற்றர் பிவிசி போடுங்கள்; ஒரு மீற்றருக்கு 2.5 சென்ரிமீற்றர் சரிவு. ட்ராப்பில் நிற்கும் நீரின் ஆழம் குறைந்தது 5 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். மணமும் கரப்பானும் வராமல் தடுப்பது அந்த நீர்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் வீடுகளில், கச்சான் காற்றுக் காலத்தில் அது வற்றிப்போய்விடும். பூட்டிப் போகுமுன் நீரை ஓடவிட்டு நிறுத்தி, கடைசியாக இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெயை வடிகூடைக்குள் ஊற்றினால் அது நீரின் மேல் மிதந்து ஆவியாவதைக் குறைக்கும். சிங்கின் அடியில் ஹோஸ் தொடங்கும் இடத்திலுள்ள ஆங்கிள் வால்வுகளையும் மூடிவிட்டுப் போகவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் ஊர் அடைப்புக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே போனால்தான் உறையும். இங்கே அந்தளவு குளிர் மார்கழி, தை இரவுகளில் எட்டிப் பார்த்தால்தான் உண்டு. அப்படியிருந்தும் குழாய் அடைகிறதே என்றால், கொழுப்பும் சவர்க்காரமும் கடின நீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பசையாக மாறுவதுதான் காரணம். அதில் தேங்காய்ப்பூத் தும்பும் மீன் செதிளும் ஒட்டிக்கொண்டால் ஒரு கட்டி ரெடி. கறிச்சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தேங்காய் பிழிந்த சக்கையைச் சிங்கில் தட்டாதீர்கள். மீன் வெட்டும்போது வடிகூடையின் மேல் பழைய நைலோன் வலைத் துண்டொன்றைப் போட்டால் செதிள் அதிலேயே நின்றுவிடும். கூடையின் துளைகளில் தட்டையாக ஒட்டும் செதிளைப் பிறகு நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை.

கஞ்சி வடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொதிக்கும் கஞ்சி ஏறக்குறைய 100 பாகை; பிவிசி குழாய் 80 பாகைக்கு முன்பே இளகத் தொடங்கும். நாள்தோறும் நேராக ஊற்றினால் வடிகூடையின் ரப்பர் வாசரும் மூட்டும் உருமாறிக் கசியும். குளிர்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே ஊற்றுங்கள், அல்லது கஞ்சியை வேறு சட்டியில் ஆறவிடுங்கள்.

அடைத்துக்கொண்டால் முதலில் வளவிலுள்ள கழிவுக் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள். கார்த்திகை தொடங்கி தை வரை வடகீழ்ப் பருவ மழையில், மணற்பாங்கான கரையோரக் காணிகளில் நிலத்தடி நீர் மேலேறி உறிஞ்சு குழி குடிக்க மறுக்கும். அங்கே நீர் நிற்கும்போது சிங்கை எவ்வளவு பம்ப் பண்ணினாலும் பயனில்லை. குழி காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்குள்தான். நிரம்பி வழியாமல் தடுக்கும் பக்கத் துளையை ஈரத்துணியால் இறுக்கி மூடி, ரப்பர்க் கிண்ணத்தால் பத்துப் பதினைந்து முறை அமுக்குங்கள். அசையாவிட்டால் வாளி வைத்து ட்ராப்பைக் கழற்றுங்கள். கையால் திருகும் நட்டுத்தான். கோஸ்டிக் சோடா கொட்டுவது கடைசி வழியாகக்கூட வேண்டாம். நீரில் அது கொதித்து ட்ராப்பை வளைத்துவிடும், பிறகு கழற்ற வருபவரின் கையும் வேகும்.

அசிட், ப்ளீச், உப்பு

புது வீட்டில் சிங்க் துருப்பிடித்துவிட்டது என்ற முறைப்பாட்டில் பெரும்பகுதிக்குத் தொட்டி காரணமே அல்ல. மேசன்மார் ரைல்ஸில் ஒட்டிய சீமெந்தைப் போக்க அசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். ஐதரோகுளோரிக் அமிலத்தின் ஆவி மட்டும் பட்டாலே எவர்சில்வர் ஒரே இரவில் மஞ்சள் பழுப்பாகும். அசிட் கழுவல் எல்லாம் முடிந்து, வீடு காற்றோட்டமாகிய பிறகுதான் சிங்கைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும்.

இதே ஆபத்து அலுமாரிக்குள்ளும் இருக்கிறது, ஆனால் மெதுவாக. சிங்கின் அடியில் ப்ளீச் போத்தலையும் கழிவறை கழுவும் திரவத்தையும் வைப்பது எல்லோர் வீட்டிலும் உள்ள பழக்கம். மூடி சரியாக இறுகாத போத்தலிலிருந்து வரும் ஆவி, குழாய்க்கு நீர் கொண்டுவரும் ஹோஸின் மேலே பின்னியிருக்கும் மெல்லிய கம்பிகளைத் தின்னும். பின்னல் அறுந்தால் உள்ளே உள்ள ரப்பர் குழாய் அழுத்தத்தைத் தாங்காது. அது வெடிப்பது பெரும்பாலும் ஆளில்லாத நேரத்தில்தான். தாங்கி காலியாகும்வரை ஓடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள். நட்டுக்கு அருகே பின்னலில் பழுப்புப் புள்ளி கண்டால் ஹோஸை உடனே மாற்றுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஐந்து வருடத்தில் மாற்றிவிடுவது நல்லது. தரை முழுக்க நீர் ஏறுவதோடு ஒப்பிட்டால் இரண்டு ஹோஸின் விலை பெரிதல்ல.

தொட்டியை நாள்தோறும் கழுவ, பாத்திரம் கழுவும் திரவமும் மென்மையான ஸ்பொஞ்சும் போதும். கம்பி நார் வேண்டாம்; அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் துருப்பிடித்து, தொட்டியே துருப்பிடித்ததுபோல் காட்டும். ஊறவைத்த கருவாடு, உப்புப் போட்ட நண்டு, ஈரத் தாச்சி எதையும் இரவு முழுக்கத் தொட்டிக்குள் விடக்கூடாது. ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் இரவில் தூக்கி நிறுத்துங்கள், அதன் அடியில் தங்கும் உப்பீரம்தான் துளைத்துருவின் விளைநிலம். கடைசி வேலையாகத் துணியால் துடைத்து உலர்த்துவது அரை நிமிடம். வேறு எந்தப் பராமரிப்பும் இதற்கு ஈடில்லை.

வெள்ளைப் படிவுக்கு வினாகிரியும் நீரும் சம அளவு, அல்லது தேசிக்காய்ச் சாறு. துணியில் நனைத்துப் பத்து நிமிடம் போட்டுவிட்டுக் கழுவுங்கள். குழாய் வாயின் வலையையும் ஷவர்த் தலையையும் மாதம் ஒருமுறை அதே கலவையில் ஊறவைக்கலாம். ப்ளீச் பாவித்த இடத்தில் வினாகிரியோ தேசிக்காயோ படக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குசினியில் அது விளையாட்டல்ல.

வெட்டுப் பலகை தொட்டியின் விளிம்புப் படியில் சறுக்குவதற்காகச் செய்தது. மரக்கறியும் சிறு மீனும் அதில் வெட்டலாம். பாரையின் தலையைக் கத்தியால் கொத்தவோ தேங்காய் உடைக்கவோ அது இடமல்ல. படி நெளியும், மேசைத் தட்டின் கீழிருந்து பொருத்திய தொட்டியானால் சிலிக்கன் விடும். அப்படிப் பொருத்திய தொட்டிக்குச் சிலிக்கனை மட்டும் நம்பக்கூடாது. நீர் நிறைந்தால் 50, 60 கிலோ வரும். கிளிப்போ கீழே ஒரு சட்டமோ கட்டாயம். கிரனைட்டுக்கு வினாகிரி மணமில்லாத நடுநிலைச் சிலிக்கன் பூசி, ஒரு நாள் முழுக்க நீர் படாமல் விடவேண்டும்.

எல்லா வேலைக்கும் ஒரே தொட்டி என்பதால் ஒழுங்கு முக்கியம்: முதலில் மரக்கறி, பிறகு மீன் இறைச்சி. அகலக் குழாயை முழுதாகத் திறந்து கோழியைக் கழுவினால் தெறிக்கும் நீர் பக்கத்துக் கூடையில் வடியும் பீங்கான்வரை போகும். மீன் வேலைக்குப் பிறகு பலகையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு லீற்றர் நீருக்கு 4 மில்லிலீற்றர் மணமில்லாத ப்ளீச் கலந்து சில நிமிடம் நனையவிட்டு, நன்றாக அலசி, நிமிர்த்தி வைத்து உலரவிடுங்கள். இதைத் தொட்டிக்கு வெளியே ஒரு வாளியில் செய்யுங்கள்.

வாங்கும் கடையில் கடைசியாக ஒன்று கேளுங்கள்: உள்ளிருக்கும் வால்வும் கிளாஸ் கழுவியின் வாசரும் தனியாகக் கிடைக்குமா? ஒற்றைக் கைப்பிடிக் குழாய்க்கு 35 அல்லது 40 மில்லிமீற்றர் கார்ட்ரிஜ், அதாவது அந்த உள்வால்வு, எந்த நல்ல ஹார்ட்வெயாரிலும் இருக்கும். பியானோக் கட்டைபோல் அழுத்தும் பொத்தான் மாதிரிகளுக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனி அளவு வைத்திருப்பார்கள். ஒரு பொத்தான் இறுகிவிட்டால் முழுக் குழாயையும் மாற்றச் சொல்வார்கள். அந்த மாதிரிதான் பிடித்திருக்கிறது என்றால் ஒரு உதிரிப்பாகத் தொகுதியையும் சேர்த்து வாங்கி, பற்றுச்சீட்டோடு ஒரு பையில் போட்டு, அலுமாரிக் கதவின் உட்புறத்தில் தொங்கவிடுங்கள்.