சூப்பர்ஹீரோ படத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகலாமா? பி12, 13, 16, 18 குறிகளின் விளக்கம்

புது சூப்பர்ஹீரோ படத்தின் போஸ்டர் வந்துவிட்டால் போதும், சுங்கை சிப்புட்டில் பையன்கள் ஆளுக்கொரு ஜோசியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். உடை மஞ்சளும் நீலமுமாகப் பளிச்சென்று இருந்தால் சின்னப் பிள்ளைகள் படம். கறுப்பும் கருஞ்சிவப்புமாக இருந்தால் வெட்டுக்குத்து நிச்சயம். ஓரத்தில் ஒரு சிவப்புக் கறை தெரிந்தால் அமெரிக்காவில் கடுமையான 'ஆர்' குறி, இங்கே தணிக்கைக் கத்திரி. பேசட்டும், பேசுவதற்காகத்தானே அந்தப் போஸ்டரையே விடுகிறார்கள். ஆனால் அந்த ஜோசியத்தை நம்பிப் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போகிற அப்பா அம்மாவுக்குத்தான் சிக்கல். எந்தப் படத்துக்குள் யார் போகலாம் என்பதை நம் மலேசியாவில் ஒரு வயதுக் குறி முடிவு செய்கிறது. அதை உடையின் நிறத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை.

குறியைக் கொடுப்பது உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் திரைப்படத் தணிக்கை வாரியம். மலாயில் லெம்பாகா பெனாப்பிசான் ஃபிலெம், சுருக்கமாக எல்பிஎஃப். அதற்கு அதிகாரம் தருவது 2002-ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம், அதாவது சட்டம் 620. ஹாலிவுட் படமோ, கோடம்பாக்கத்துப் படமோ, உள்ளூர்ப் படமோ, திரையரங்குக்கு வருமுன் வாரியத்தின் கண்ணில் பட்டுத்தான் வர வேண்டும்.

இப்போது புழக்கத்தில் உள்ள குறிகள் ஐந்து. 'யூ' என்றால் எல்லோருக்கும். 'பி12' என்றால் 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பெற்றோரோ பாதுகாவலரோ கூட இருந்து பார்க்க வேண்டிய படம். '13', '16', '18' மூன்றும் வேறு வகை. அந்த வயதை எட்டியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. பழைய 'பி13' இப்போது இல்லை. அதற்கும் முன்னால், 2010 வாக்கில் ஒரே '18' ஆக்கும்வரை, வன்முறைக்கும் திகிலுக்கும் '18எஸ்ஜி', பாலியல் காட்சிகளுக்கு '18எஸ்எக்ஸ்' என்று தனித்தனியாகப் பிரித்துப் போடுவார்கள். நம் வயதுக்காரர்கள் பலருக்கு இன்னமும் அந்தப் பழைய குறிகள்தான் மனத்தில் நிற்கின்றன.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், 'பி' என்ற எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில்தான். பழைய பி13 காலத்தில் பிள்ளைக்குப் பத்து வயது ஆனாலும் அப்பா கூட இருந்தால் போதும். இப்போது வெறும் '13' என்று போட்டிருந்தால் அப்பா, அம்மா, தாத்தா எல்லோரும் கூடவே வந்தாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு அனுமதி இல்லை. டிக்கெட் கிழிக்கும் இடத்தில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "தம்பி, நான்தான் இவனோட அப்பா, கூடவே உக்காந்திருப்பேன்." "இல்ல அங்கிள், இது பி12 இல்ல, 16. ஐசி காட்டணும்." அந்தப் பையனிடம் கோபப்பட்டுப் பயனில்லை. விதியை எழுதியது அவன் இல்லை.

வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐசி, அதாவது அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. பிறந்தநாள் வந்துவிட்டதா என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். படிவம் ஒன்றுக்குப் போய்விட்டோம், எங்களுக்கு 13 ஆகிவிட்டது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஜூன் மாத விடுமுறையில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் கும்பலாக '13' படத்துக்குப் போனால், மார்ச்சில் பிறந்தவன் உள்ளே போவான், நவம்பரில் பிறந்தவன் வெளியே நிற்பான். படிவம் ஒன்றுக்கு முன் ஒரு வருஷம் கூடுதலாகப் புகுமுக வகுப்பில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்த ஒரு வருஷம் இங்கேயாவது கைகொடுக்கிறது. 12 வயது ஆனதும் சிறுவர் அடையாள அட்டையான மைகிட்டை மாற்றிப் படம் போட்ட மைகாட் எடுக்க வேண்டும் என்பது தனிச் சட்டம். எடுத்திருந்தால் அதைக் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். ஆப்பில் டிக்கெட் வாங்கும்போது குறி பக்கத்திலேயே இருக்கும், பணம் கட்டுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் டிக்கெட் காசு திரும்பக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

சரி, நிறத்துக்கு வருவோம். ரசிகர்கள் சொல்வது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியது உடையின் நிறத்தை அல்ல, ரத்தத்தின் நிறத்தை.

13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் பெற்றோரை எச்சரிக்கும் 'பிஜி-13' என்ற குறி அமெரிக்காவில் 1984-இல் வந்தது. அந்த வருஷம் வெளிவந்த இரண்டு படங்களில், குறிப்பாக இண்டியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாம் படத்தில், பிள்ளைகளுக்கு ஆகாத காட்சிகள் இருப்பதாகப் பெற்றோர் சத்தம் போட்டதன் விளைவு அது. பெரிய பட்ஜெட் சூப்பர்ஹீரோ படங்கள் பெரும்பாலும் அந்தக் குறியைக் குறிவைத்தே எடுக்கப்படுகின்றன, ஏனென்றால் அதற்கு மேல் போனால் கூட்டம் குறையும். அந்தக் குறிக்குள் அடங்க வேண்டுமென்றால் அடிதடி நிறையவே இருக்கலாம், ஆனால் சிவப்பு ரத்தம் அதிகம் தெரியக்கூடாது. அதனால்தான் எதிரிப் படை அடிக்கடி ரோபோக்களாகவோ வேற்றுக்கிரக ஜந்துக்களாகவோ இருக்கிறது. அவெஞ்சர்ஸ் படங்களின் வில்லன் தானோஸுக்கு ரத்தம் ஊதா நிறத்தில் வருகிறது. 2019-இல் வந்த அவெஞ்சர்ஸ் கடைசிப் பாகத்தில் அவன் தலையையே வெட்டுகிறார்கள், இருந்தும் அது பிஜி-13 படம்தான். மனிதக் கழுத்தில் சிவப்பாகக் கொட்டியிருந்தால் கதை வேறு.

இந்த வித்தை சூப்பர்ஹீரோக்களுக்கு முன்பே இருந்தது. 1976-இல் டாக்ஸி டிரைவர் படத்தின் கடைசித் துப்பாக்கிச் சண்டையில் சிவப்பை மங்கலாக்கிய பிறகுதான் அதற்கு 'ஆர்' குறி கிடைத்தது. 2003-இல் கில் பில் முதல் பாகத்தில் அந்த நீண்ட வாள் சண்டை அமெரிக்கப் பதிப்பில் கறுப்பு வெள்ளையாகவும் ஜப்பான் பதிப்பில் கலரிலும் வந்தது. ஒரே வெட்டு, ஒரே ரத்தம், ஆனால் நிறம் போனதும் கண்ணுக்கு அது வேறாகிவிடுகிறது.

உடை நிறத்தை வைத்துச் சொல்லும் ஜோசியமோ அடிக்கடி பொய்த்துப் போகிறது. 2008-இல் வந்த டார்க் நைட் இருட்டும் கறுப்புமான படம், அமெரிக்காவில் பிஜி-13. 2024-இல் டெட்பூலும் வோல்வரினும் சேர்ந்து வந்த படத்தில் ஒருவர் சிவப்பு, இன்னொருவர் கோழிக்குஞ்சு மஞ்சள். பொம்மைக் கடையில் வைத்தால் நாலு வயதுப் பிள்ளை கை நீட்டும். ஆனால் அது மலேசியாவில் '18'. 2022-இல் வந்த தோர் நாலாம் படத்தின் போஸ்டரைப் போல் வண்ணமயமான ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அது நம் திரையரங்குகளுக்கு வரவே இல்லை. அதற்குப் பேசப்பட்ட காரணம் வன்முறை அல்ல, படத்தில் இருந்த எல்ஜிபிடி கூறுகள்.

நம் வாரியம் பார்ப்பது நான்கு விஷயங்கள்: நாட்டின் பாதுகாப்பும் பொது அமைதியும், சமயம், சமூகப் பண்பாடு, ஒழுங்கும் நன்னடத்தையும். வன்முறை அவற்றில் ஒரு பகுதிதான். அமெரிக்கக் குறியை வைத்து நம் குறியை ஊகிக்க முடியாததற்கு இதுதான் காரணம். ஊகித்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் பிஜி-13 என்பது பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை மட்டுமே, வாசலில் யாரையும் தடுக்காது. அங்கே 'ஆர்' படத்துக்குக்கூட 17 வயதுக்குக் கீழ் உள்ளவன் பெரியவரோடு போகலாம். இங்கே '18' என்றால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் முடியாது. தமிழ்ப் படங்களின் யூடியூப் டிரெய்லரில் வரும் 'யூஏ' குறியும் அப்படியே. அது இந்தியத் தணிக்கை வாரியம் கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து அதையே 7, 13, 16 என்று வயதோடு பிரித்துப் போடுகிறார்கள். '16' என்று இரண்டு நாட்டிலும் எண் ஒன்றாக இருக்கலாம். அங்கே அது பெற்றோருக்கு வழிகாட்டி, இங்கே அது கதவு.

படம் வாரியத்துக்குப் போனால் மூன்று முடிவுகளில் ஒன்று வரும். வெட்டில்லாமல் அனுமதி, மாற்றங்களோடு அனுமதி, அல்லது அனுமதி மறுப்பு. மாற்றம் என்றால் வெட்டுவது மட்டும் இல்லை. 2016-இல் கபாலி படத்தின் முடிவில், கபாலி போலீசில் சரணடைந்தார் என்று மலேசியப் பதிப்புக்கு மட்டும் ஒரு வரி சேர்க்கப்பட்டது நமக்கெல்லாம் நினைவிருக்கும். தலைவரே சரணடைந்துவிட்டாரா என்று அப்போது தோட்டத்தில் நடந்த விவாதம் தனிக் கட்டுரைக்கு உரியது. வாரியத்தின் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். ஆனால் அது படத்தைக் கொண்டு வரும் விநியோகஸ்தர் செய்கிற வேலை, டிக்கெட் வாங்கும் நாம் செய்வது இல்லை.

வீட்டில் நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களில் பார்ப்பது இந்தச் சட்டத்துக்குள் வராது. இணையத்தில் வருவது 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கே நீங்கள் பார்க்கும் வயதுக் குறி அந்தந்தத் தளம் தானே போட்டது. திரையரங்குக்கு வெட்டப்பட்டு வந்த படம் அங்கே முழுசாக இருக்கலாம். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வைத்துப் பூட்டுப் போடுவது பெற்றோர் கையில்.

பூட்டைப் பற்றிக் கவலைப்படாத ஓர் இடம் உண்டு, அது கோயில் மண்டபம். பள்ளி விடுமுறையில் இளைஞர் பிரிவு ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து, சூப்பர்ஹீரோ படம் போடுவது நம் பக்கம் இப்போது சகஜம். அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் படம் காட்டிய பழக்கத்தின் தொடர்ச்சி அது, நல்ல நோக்கம்தான். ஆனால் யாரோ ஒருவரின் கணக்கிலிருந்தோ ஹார்ட் டிஸ்கிலிருந்தோ எடுத்துப் போடும்போது அது வீட்டில் பார்ப்பது ஆகாது, ஊருக்குக் காட்டுவது ஆகிவிடும். வாரியம் அனுமதிக்காத படத்தைக் காட்டுவது சட்டம் 620-இன் 6-ஆம் பிரிவின்படி குற்றம். அபராதம் 5,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளி வரை, அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வாரியம் அனுமதித்த படமாகவே இருந்தாலும் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தனியாக நிற்கிறது. பொது இடத்தில் காட்டப் படத்தின் உரிமையாளரிடமோ அவருடைய விநியோகஸ்தரிடமோ அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட் போடவில்லை, அன்னதானத்தோடு இலவசமாகத்தான் காட்டுகிறோம் என்பது மட்டும் இரண்டுக்கும் பதிலாகிவிடாது.

எனவே குழுவில் யாராவது ஒருவர் முதலில் விநியோகஸ்தரைக் கேட்கட்டும். அனுமதி கிடைத்தால் படம் வாரியத்திடம் என்ன குறி வாங்கியது என்பதையும் அவர்களிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். '16' என்றால் சின்னப் பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார வைக்கும் வழக்கத்தை அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான். மண்டபத்துச் சுவரில் ஒட்டப் போகும் போஸ்டரையும் யாரும் தாங்களாகவே வரைந்து ரத்தம் தெளிக்க வேண்டாம், படத்தின் விளம்பரப் பொருளும் அதே சட்டத்துக்குள்தான் வருகிறது.