கிளட்ச் பிளேட்டைத் திட்டாதீர்கள், டயரை அளந்து பாருங்கள்

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது மஹிந்திரா தார் ஜீப். வால்பாறை போய்த் திரும்பிய வண்டியை ஆழியாறிலிருந்து டோ போட்டு இழுத்து வந்தார்கள். கியர்பாக்ஸை இறக்கியபோதே தீய்ந்த வாடை முகத்தில் அடித்தது. கிளட்ச் பிளேட் அழுந்துகிற ஃப்ளைவீலின் முகம் முழுக்க, சூட்டில் வந்த நீலத் திட்டுகள், ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு. கிளட்ச் பிளேட் ரிவெட் வரைக்கும் தேய்ந்திருந்தது. வண்டி ஓடியதே 31,000 கிலோமீட்டர்தான். இதற்குள் வேறொரு இடத்தில் ஒரு பிளேட் மாற்றியாகிவிட்டது.

"இப்ப வர்ற பிளேட்டெல்லாம் மட்டம்ங்கண்ணா. ஹெவி டியூட்டியா ஏதாச்சும் போட்டு உடுங்க" என்றார் வண்டிக்காரத் தம்பி.

நான் டயரைப் பார்த்தேன். 285/75 ஆர்16. கம்பெனியிலிருந்து வந்தது 245/75 ஆர்16. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். மற்ற இரண்டும் அப்படியே இருக்க அது கூடினால் டயரின் உயரமும் கூடும். டயர் விற்றவரும் ஒன்றும் சொல்லவில்லை, முதல் பிளேட்டை மாற்றியவரும் கேட்கவில்லை. பதினெட்டு வருடமாக ஆக்ஸில் வேலை பார்க்கிறேன். பாவம் அந்தப் பிளேட், அது செய்யாத தப்புக்குத்தான் எல்லா இடத்திலும் திட்டு வாங்குகிறது.

டயரும் ஒரு கியர்தான். வண்டியின் கடைசி கியர் அது. அதைப் பெரிதாக்கினால் எல்லாக் கியரையும் ரிவர்ஸையும் சேர்த்து ஒரேயடியாக உயர்த்திவிட்டீர்கள் என்று அர்த்தம். இதை ஒத்துக்கொள்கிறவர்கள்கூட அடுத்த வார்த்தையில் "அப்போ ஆர்.பி.எம் குறையும், மைலேஜ் கூடும்தானே?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஆர்.பி.எம், அதாவது என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று, குறைவது உண்மை. மைலேஜ் கூடும் என்பது பொய். சேற்றுக்கென்று செய்த மட் டெரெய்ன் டயரின் எடை கூடுதல், உருள்வதற்கு எதிர்ப்பு கூடுதல், வண்டி உயர்ந்ததால் காற்றும் கூடுதலாக அடிக்கும். இத்தனையையும் குறைந்த ஆர்.பி.எம்-மில் தள்ளச் சொன்னால் என்ஜின் கேட்பது கூடுதல் ஆக்சிலரேட்டர். டாப் கியரில் போன மேட்டுக்கு ஒரு கியர் குறைப்பீர்கள். மிச்சம் எங்கே வரும்?

இதற்கு நேர் எதிராக இன்னொரு புகாரும் வரும்: "டயர் மாத்துனதுல மைலேஜ் பாதாளத்துக்குப் போயிருச்சு." அதிலும் பாதி கணக்குப் பிழை. பெரிய டயர் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. இந்தத் தம்பியின் வண்டியில் மீட்டர் 400 கிலோமீட்டர் காட்டினால் உண்மையில் ஓடியது 430. நாற்பது லிட்டர் டீசலுக்குப் பத்து என்று அவர் சொன்னது உண்மையில் பத்தே முக்கால். ஸ்பீடோமீட்டரும் அப்படித்தான். அது 100 என்று காட்டும்போது நீங்கள் போவது 107-க்கு மேல். பைபாஸில் கேமராவுக்கு உங்கள் மீட்டர் காட்டுவது கணக்கில்லை.

கிளட்ச் எப்படிப் போனது? 2.2 டீசல் தாரின் 300 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை, 1,600 ஆர்.பி.எம்-மில் ஆரம்பித்து 2,800 வரை நிற்கும். அதற்குக் கீழே என்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ சரியாக வேலை செய்யாது, வண்டி மாடு மாதிரி நின்றுவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பழைய டயரில் ஒரு வளைவை செகண்டில் 1,700-ல் எடுத்திருப்பீர்கள். அதே வேகத்தில் புது டயரில் ஊசி 1,580-ல் நிற்கும். குறைந்தது வெறும் நூற்றிச் சொச்சம். ஆனால் அந்த நூறுதான் டர்போ இருக்கிற பக்கத்துக்கும் இல்லாத பக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. உடனே கால் கிளட்சுக்குப் போகும், அரைக் கிளட்சில், பிளேட் உரச உரச ஏற்றுவீர்கள். வளைவுக்கு ஒரு தடவை, எதிரே பஸ் வந்து நின்றுவிட்டால் இன்னொரு தடவை. ஹெவி டியூட்டி பிளேட் போட்டாலும் அதுவும் எரியும், கொஞ்சம் மெதுவாக.

"ஃபோர் லோ போட்டு ஏறிக்கலாமே?" நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் மெதுவான கியர் அது. தயவு செய்து வேண்டாம். காய்ந்த தார் ரோட்டில், அதுவும் வளைவில், முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் போவதில்லை. மஹிந்திரா தாரிலும் மாருதி ஜிம்னியிலும் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில், அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும் டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணில் வழுக்கித் தீர்ந்துபோகிற முறுக்கு, தார் ரோட்டில் இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஏறும்.

அப்படியானால் ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் பல்சக்கர ஜோடியை, கிரவுன் பினியனை, மாற்ற வேண்டுமா? பத்துப் பேர் கேட்டால் ஆறேழு பேரை வேண்டாம் என்றே திருப்பி அனுப்புகிறேன். முதலில் அளந்துவிட்டு வாருங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயரிலும் தரையிலும் நேராக ஒரு சாக்பீஸ் கோடு. வண்டியை மெதுவாகத் தள்ளி, டயர்க் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. நடுவில் டேப். பழைய டயருக்கும் அதே மாதிரி. இந்தத் தம்பி வண்டியில் பழையது 236 சென்டிமீட்டர், புதியது 254. எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. "முப்பத்தி மூணு இஞ்ச்" என்று எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். எடை ஏறியதும் டயர் அமுங்கும், கம்பெனிக்குக் கம்பெனி அளவும் மாறும்.

ஐந்து சதவீதத்துக்குள் என்றால் நான் ஆக்ஸிலைத் தொடுவதில்லை. ஜிம்னியில் 195/80 ஆர்15-ஐ எடுத்துவிட்டு 215/75 போடுகிறீர்களா, வித்தியாசம் ஒன்றரை சதவீதம், நிம்மதியாக ஓட்டுங்கள். அதே ஜிம்னியில் 235/75 போட்டால் ஏறக்குறைய ஆறு. டீசல் தார் ஆறு சதவீதத்தைப் பிளெய்னில் காட்டிக்கொள்ளாது. ஜிம்னியிடம் இருப்பதோ 134 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 ஆர்.பி.எம்-மில். நாலு கியர் ஆட்டோமேட்டிக்காக இருந்தால் மேட்டில் கியர் மாறி மாறி விழும், ஆயில் சூடாகும். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் இருப்பவர்களிடம் வண்டி எங்கே ஓடுகிறது, எவ்வளவு சுமை என்று கேட்டுத்தான் சொல்வேன். பத்தைத் தாண்டினால் கிரவுன் பினியனை மாற்றுங்கள், இல்லை டயரைக் குறையுங்கள். நடுவில் வேறு வழி இல்லை.

கணக்கு சுலபம். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.10. முப்பதரை இஞ்ச் டயரிலிருந்து 35-க்குப் போனால் 15 சதவீதம், தேவை 4.71. அப்படியே யாரும் செய்து தர மாட்டார்கள். 41-க்கு 9 என்றால் 4.56, 39-க்கு 8 என்றால் 4.88. ஹைவே அதிகம் என்றால் முதலாவது, மலையும் சுமையும் அதிகம் என்றால் இரண்டாவது. பல் குறையக் குறையப் பினியன் தலை சிறுக்கும், பலமும் குறையும் என்பதையும் மனதில் வையுங்கள். எல்லா ஆக்ஸிலுக்கும் மாற்று விகிதம் கிடைப்பதில்லை. டயர் வாங்குவதற்கு முன்பே அதை விசாரியுங்கள்.

மாற்றினால் முன், பின் இரண்டையும் மாற்ற வேண்டும். போன வருடம் ஒருவர், "பின்னாடி மட்டும் இப்ப, முன்னாடி தீபாவளிக்கு அப்புறம்" என்று எங்கோ செய்துகொண்டு வந்தார். ஒரே ஒரு தடவை ஃபோர் ஹை, அதாவது சாதாரண வேகத்தில் நாலு சக்கர இழுவை, போட்டிருக்கிறார். முன் ஆக்ஸில் ஒரு கணக்கில் சுற்ற, பின் ஆக்ஸில் வேறு கணக்கில் சுற்ற, டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்தது. மிச்சம் பிடித்த காசைப் போல மூன்று மடங்கு அதற்குச் செலவானது.

செட் செய்கிறவர் டயல் கேஜ் வைத்துப் பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலான ஆட்டம், பார்க்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கிரவுன் பல்லில் தடம் காட்டும் ப்ளூ மை தடவி, சுற்றி, பினியன் எந்த இடத்தில் பதிகிறது என்று உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஷிம் எனும் மெல்லிய தகட்டை மாற்றித் திரும்பவும் பூட்ட வேண்டும். எனக்குச் சில வண்டிகளில் நாலு தடவை ஆகும். காதில் கேட்டே சொல்லிவிடுவேன் என்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் முதல் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டி, முழுக்க ஆற விடுங்கள். 800 கிலோமீட்டரில் கியர் ஆயிலை மாற்றுங்கள். அதுவரை மலையும் வேண்டாம், இழுவையும் வேண்டாம்.

கிரவுன் பினியனை மாற்றினாலும் ஒன்று மட்டும் சரியாகாது: பிரேக். டயர் பெரிதானால் அதே டிஸ்க் கூடுதல் வேலை செய்ய வேண்டும். என்ஜின் பிரேக்கிங் திரும்பக் கிடைக்கும், பெடலின் கடி திரும்பாது. இறக்கத்தில் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. இன்சூரன்ஸ் கிளெய்மில் இது உங்கள் முன் வந்து நிற்கலாம்.

தம்பியிடம் கேட்டேன், மண்ணில் எத்தனை தடவை இறக்கினீர்கள் என்று. ஒரு தடவையும் இல்லை. வாரம் ஐந்து நாள் ஆபீஸ், மாதம் இரண்டு தடவை வால்பாறையில் அம்மா வீடு. இரண்டு ஆக்ஸிலுக்கும் ஆகிற செலவை எழுதிக் காட்டினேன். பக்கத்திலேயே 265/75 ஆர்16 என்று எழுதினேன், நாலு சதவீதம். ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை வால்பாறையிலிருந்து போன் செய்தார். நாற்பது வளைவிலும் அரைக் கிளட்ச் போடவில்லையாம். பெரிய டயரை இன்னும் விற்கவில்லை என்றும் சொன்னார். விற்றுவிடுங்கள் தம்பி என்றேன்.